நூற்றுக்கு மூன்றரை வட்டி: கொள்ளேகால், அன்றும் இன்றும்

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி, ஆசனூரையும் சாமராஜநகரையும் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் கொள்ளேகால் வரும். இன்று அது கர்நாடகத்து ஊர். 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா. சென்னை மாகாணத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்த்த நிலத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருந்தது. மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது. மைசூர் மாவட்டத்தில் நாற்பது ஆண்டு இருந்துவிட்டு 1997இல் புதிய சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. மாகாணம், மாநிலம், மாவட்டம் என்று எல்லாம் மாறிய பிறகும் ஊரின் அடையாளம் பட்டுதான்.

பட்டு இருக்கும் இடத்தில் கடனும் இருக்கும். அந்தக் கடன் அன்று எப்படி நடந்தது, இன்று கிரெடிட் கார்டாகச் சட்டைப் பைக்குள் வந்தபின் எப்படி நடக்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. கார்டை எப்படிக் கையாள வேண்டும் என்பது அந்த ஒப்பீட்டிலேயே தெரிந்துவிடும்.

பூச்சி வருவதற்குள்

முட்டை பொரிந்ததிலிருந்து ஏறத்தாழ 25 நாள் புழு இலை தின்கிறது. பிறகு சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் ஏற்றினால் கூடு கட்டுகிறது. கூட்டை அப்படியே விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளிருக்கும் பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டில் இழை அறுந்து போகும். ஒரே நீள நூலாக இழுக்க முடியாது. அதனால் பட்டு விவசாயி விலை ஏறட்டும் என்று கூட்டை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. அவனுடைய கெடுவை இயற்கையே குறித்துவிடுகிறது.

வாங்குகிறவருக்கு அந்த அவசரம் தெரியும். அரசின் ஒழுங்குமுறைச் சந்தைகள் வருவதற்கு முன் நூல் இழுப்பவரோ தரகரோ வீட்டுக்கே வந்து பேரம் பேசி எடை போட்டு எடுத்துப் போவார். பணம் பிறகு வரும். அவரும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கூட்டை நூலாக்கி, நூலை வியாபாரியிடம் கொடுத்து, வியாபாரி அதைத் தறிக்காரருக்குக் கொடுத்து, தறியிலிருந்து இறங்கிய சேலை முகூர்த்த மாதத்தில் விற்றபிறகுதான் காசு வந்த வழியே திரும்பி நடக்கும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தவணை கொடுத்தார்கள், முந்தியவரிடம் தவணை வாங்கினார்கள். யார் முன்பணம் கொடுத்தாரோ அவரே விலையையும் வைத்தார்.

தவணை போதாதபோது வட்டிக்கு வாங்கினார்கள். வட்டியை மாதக் கணக்கில், நூறு ரூபாய்க்கு இத்தனை என்றுதான் பேசினார்கள். நூற்றுக்கு ஒன்று என்றால் நியாயமான வட்டி. ஒன்றரை, இரண்டு என்றால் தாங்கிக்கொள்ளலாம். மூன்று என்றால் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும். மூன்றுக்கு மேல் வாங்குகிறவன் நிலத்தை எழுதிக் கொடுக்கத் தயாராகிவிட்டான் என்று பொருள்.

கடன் வாங்கும் காரியத்திலும் ஒரு முறை இருந்தது. வருவாய் முத்திரை ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டுப் புரோநோட்டு எழுதவேண்டும். சாட்சிக்கு ஆள் வேண்டும். பெரிய தொகையென்றால் ஜாமீனும் வேண்டும். நோட்டு மூன்று வருடத்தில் காலாவதியாகும் என்பதால் அதற்குள் பணத்தைக் கட்டவேண்டும். இல்லையென்றால் நோட்டைப் புதுப்பித்து எழுதவேண்டும். ஆக, ஒருவர் கடன்பட்டால் குறைந்தது மூன்று பேருக்குத் தெரியும், அந்த மூன்று பேர் வழியாக அவருடைய வீட்டுக்கும் தெரியும். அது அவமானமாகவும் இருந்தது, கடிவாளமாகவும் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் கொடுமை நிறைய இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கியது, வட்டியை அசலில் சேர்த்து நோட்டைப் புதுப்பித்தது, ஒரு தலைமுறையின் கடன் அடுத்த தலைமுறையின் முதுகில் ஏறியது எல்லாம் தமிழ்நாட்டிலும் மைசூரிலும் வீட்டுக்கு வீடு சொல்லக்கூடிய கதைகள். 1951-52இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு வெறும் 3 சதவீதத்தை ஒட்டியது என்று காட்டியது. பத்தில் ஏழு பங்கு கடன் கொடுத்தவர்கள் வட்டிக்காரர்கள்.

சட்டம் கடன்பட்டவர் பக்கம் நின்ற காலம்

கொள்ளேகால் கோவை மாவட்டத்தில் இருந்ததால் கடன் வரலாற்றில் இரண்டு பெரிய முயற்சிகள் அந்த ஊரைத் தொட்டுச் சென்றன.

முதலாவது, பிரெடரிக் நிக்கல்சன். கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887இல் எழுதியவர் இவர். அந்த மாவட்டத்துக்குள் கொள்ளேகாலும் அடக்கம். விவசாயி ஏன் வட்டியில் மூழ்குகிறான் என்பதை மாவட்டம் மாவட்டமாகக் கண்ட இந்த அதிகாரியிடம்தான், கிராம வங்கிகள் அமைப்பது பற்றி ஆராயும் பொறுப்பைச் சென்னை அரசு ஒப்படைத்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்று 1895, 1897 அறிக்கைகளில் அவர் வற்புறுத்தினார். 1904இல் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த அறிக்கைகள் ஒரு முக்கியக் காரணம். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்று, குறைந்த வட்டியில் கடன் கொடுத்துக்கொள்வது அதன் சாரம்.

இரண்டாவது, ராஜாஜி. அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் விவசாயி வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப்போல் இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. சட்டம் வந்தபின் வாங்கும் கடனுக்கு ஆண்டு வட்டி 6¼ சதவீதம், அதுவும் தனிவட்டி. மாதக் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு அரையை ஒட்டி. கொள்ளேகாலில் மல்பெரி வைத்திருந்த குடியானவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தியது. நிலமில்லாத நெசவாளிக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்பது அதன் குறை. ஆனாலும் ‘இதற்கு மேல் வட்டி கேட்பது முறையில்லை’ என்று அரசே ஒரு கோடு கிழித்தது அன்று நடந்தது.

மைசூர் மாநிலத்துக்குப் போன பிறகு இன்னொரு நல்லது நடந்தது. 1959இல் அந்த மாநிலம் பட்டுப்புழு முட்டை, கூடு ஆகியவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. கூட்டை அரசுச் சந்தைக்குக் கொண்டுவந்து ஏலத்தில் விற்கும் முறை படிப்படியாக ஊன்றியது. கொள்ளேகாலிலும் அரசுக் கூட்டுச் சந்தை வந்தது. பல பேர் கேட்கும் ஏலம், சரியான எடை, உரிய காலத்தில் பணம் என்று வந்தபின் விவசாயி தரகரின் தவணையை நம்பியிருக்கும் நிலை தளர்ந்தது. இன்று கர்நாடகத்துச் சந்தைகளில் மின்னணு ஏலமும், விற்ற பணம் வங்கிக் கணக்கில் நேராக விழும் முறையும் வந்துவிட்டன.

அட்டை வந்த வழி

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு வங்கிக் கிளைகள் தாலுகா ஊர்களுக்கும் கிராமங்களுக்கும் பரவின. கார்டு அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்திருந்தது. 1961இல் டைனர்ஸ் கிளப் அட்டை பெருநகரப் பணக்காரர்களின் கைக்கு வந்தது. 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தன் அட்டையை வெளியிட்டது. ஆனால் சம்பளச் சீட்டும் பெருநகர முகவரியும் இல்லாதவருக்கு அது நெடுங்காலம் எட்டாக்கனி.

விவசாயிக்கு முதலில் வந்தது 1998இன் கிசான் கிரெடிட் கார்டு. மூன்று லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி. அந்தக் கடனைக் கெடு தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். அது அரசு மானியத்தில் நிற்கும் கடன். கடையில் தேய்க்கும் கிரெடிட் கார்டுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஒன்றில் வட்டி வருடத்துக்கு 4, மற்றொன்றில் மாதத்துக்கு மூன்றரை. இரண்டையும் ஒரே மனக்கணக்கில் வைத்திருக்கும் குடும்பம் ஏமாந்து போகும்.

2000இல் சிபில் நிறுவனம் தொடங்கியபின், நாடு முழுதும் யார் எங்கே எவ்வளவு கடன் வாங்கிக் கட்டினார் என்ற பதிவு ஓரிடத்தில் சேரத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்கும் வசதி வந்தது. அதோடு கார்டு தேய்க்கும் இயந்திரம் இல்லாத சின்னக் கடையிலும், மேசைமேல் ஒட்டிய கியூஆர் படத்தைப் போனில் பிடித்தால் கடனில் பொருள் வாங்கலாம் என்றாயிற்று. 2024 பிப்ரவரியில் நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகள் 10 கோடியைத் தாண்டின.

சாட்சி இல்லாத கடன்

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கார்டில் வாங்கும் கடனுக்குச் சாட்சி இல்லை, ஜாமீன் இல்லை. போனில் ஒரு எண்ணைத் தட்டினால் கடன் எழுதி முடிந்தது. கணவர் வாங்கியது மனைவிக்குத் தெரியாது, மகன் வாங்கியது அப்பாவுக்குத் தெரியாது. கடன்பட்டவரின் மானத்துக்கு இது நல்லதுதான். ஊரார் முன் தலைகுனிந்து நின்று கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் கடிவாளமும் அதோடு போய்விட்டது. நோட்டெழுதும் திண்ணையில் ‘இத்தனை வட்டிக்கு இப்ப எதுக்குப்பா?’ என்று கேட்க ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருந்தார். கார்டிடம் அந்தக் கேள்வி வராது.

வட்டியைச் சொல்லும் முறையும் மாறிவிட்டது. பல வங்கிகளின் கார்டு வட்டி மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம் வரை. திண்ணைக் கணக்கில் அது நூற்றுக்கு மூன்றரை, மூன்றே முக்கால். வருடத்துக்கு 42 முதல் 45. எந்த வட்டியைக் கேட்டு அன்று பெரியவர்கள் முகம் மாறியதோ, அந்த வட்டிதான் வழவழப்பான அட்டையில் ஏறி வந்திருக்கிறது. அதற்குமேல் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

சட்டமும் முன்போல் பக்கத்தில் இல்லை. 1984இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் சேர்ந்த 21ஏ பிரிவு, வங்கிக் கடனின் வட்டி அதிகம் என்ற காரணத்தைக் காட்டி நீதிமன்றம் அதைத் திருத்த முடியாது என்கிறது. மாநிலங்களின் கடன் நிவாரணச் சட்டங்களையும் இதற்குத் துணைக்கு அழைக்க முடியாது. கெடு தவறியவரிடம் கார்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்தது. ஆக, 1938இல் 6¼ என்று கோடு கிழித்த நாட்டில் இன்று கார்டு வட்டிக்கு மேல்வரம்பு இல்லை. 2025 தொடக்கத்தில் நுண்கடன் வசூலின் நெருக்குதல் தாங்காமல் சாமராஜநகர் மாவட்டத்துக் குடும்பங்கள் சில ஊரைவிட்டுப் போன செய்தி வந்தது. பிப்ரவரியில் கர்நாடக அரசு வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தாலும் வங்கிக் கார்டின் வட்டி குறையாது. இந்தக் கடனில் முதல் காவல் நாமேதான்.

இரண்டு கணக்குகள்

ஒரு கார்டில் மாதந்தோறும் 5ஆம் தேதி பில் போடுகிறார்கள், 25ஆம் தேதி கெடு என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 6ஆம் தேதி 20,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறோம். அது அக்டோபர் 5ஆம் தேதி பில்லில் வந்து, அக்டோபர் 25க்குள் கட்டினால் போதும். 49 நாள் தவணை, வட்டி ஒரு பைசா இல்லை. அன்று நூற்றுக்கு இரண்டு வட்டியில் இதே பணத்தை இதே காலத்துக்கு வாங்கியிருந்தால் ஏறக்குறைய 650 ரூபாய் வட்டி போயிருக்கும். முழுப் பில்லையும் கெடுவுக்குள் கட்டுகிறவருக்குக் கிரெடிட் கார்டைப் போல மலிவான கடன் கிடைப்பது அரிது. பட்டுச் சங்கிலியில் எவருக்கும் வட்டியில்லாத் தவணை இவ்வளவு எளிதில் கிடைத்ததில்லை.

இனி அடுத்த கணக்கு. பில் 50,000 ரூபாய். கையில் பணம் குறைவு. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று பில்லில் ஒரு எண் இருக்கும். பாக்கியில் 5 சதவீதம், அதாவது 2,500 ரூபாய் என்று கொள்வோம். அதை மட்டும் கட்டுகிறோம். மாதம் மூன்றரை வீதம் 50,000க்கு வட்டி 1,750. அதற்கு ஜிஎஸ்டி 315. ஆக 2,065 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போகும். நாம் கட்டிய 2,500இல் அசலில் கழிந்தது 435 ரூபாய்தான். அதோடு வட்டியில்லாக் காலமும் பறிபோகும். பாக்கி முழுதும் தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு அசலை அடுத்த தலைமுறைக்குக் கடத்திய பழைய நோட்டு இந்த ‘குறைந்தபட்சத் தொகை’யில் உயிரோடு இருக்கிறது.

ஒரே அட்டைதான். இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் இருப்பது கெடு நாள் ஒன்றே.

கையாளும் முறை

பட்டுத் தொழிலில் வரவு மாதச் சம்பளம்போல் வராது. கூடு விற்றால், சேலை விற்றால்தான் வரும். அதனால் பில் சுழற்சி நம் வரவோடு ஒத்துப் போகவேண்டும். சுழற்சித் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் தந்திருக்கின்றன. பலர் அதைக் கேட்பதே இல்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முழுத்தொகையும் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். படிவத்தில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்ற கட்டத்தைத் தொடவே வேண்டாம்.

வரவு நிச்சயமாகத் தெரிந்த தொகைக்கு மட்டும் கார்டைத் தேயுங்கள். ‘அடுத்த பேட்ச் கூடு நல்ல விலைக்குப் போனால் கட்டிவிடலாம்’ என்பது நம்பிக்கை. அதை வரவாக எழுதக்கூடாது. மல்பெரித் தோட்டத்தில் இலை நோய் விழுந்தாலும், சந்தையில் விலை சரிந்தாலும் கெடு நாள் தள்ளிப்போகாது.

கார்டில் ஏடிஎம்மிலிருந்து பணம் எடுக்காதீர்கள். அதற்குத் தவணைக் காலமே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டியும், தனியாகக் கட்டணமும் உண்டு. உறவினருக்கு, நண்பருக்குப் பொருள் வாங்கக் கார்டைக் கொடுப்பதும் அவருக்காகப் புரோநோட்டில் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான். அன்று ஜாமீன் நிற்பதற்கு யோசித்த அளவு இன்றும் யோசிக்க வேண்டும். வங்கி அனுமதித்த வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொண்டால் கடன் மதிப்பெண்ணுக்கும் நல்லது. 300 முதல் 900 வரையுள்ள அந்த எண்ணை வைத்துத்தான் நாளை வீட்டுக்கடனோ தறிக்கடனோ முடிவாகும். சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை வாங்கிப் பாருங்கள்.

சம்பளச் சீட்டு இல்லாத நெசவாளியோ நூல் இழுப்பவரோ வங்கியில் ஒரு நிரந்தர வைப்பு வைத்து அதன் பேரில் கார்டு வாங்கலாம். வரம்பு வைப்புத் தொகைக்குள் நிற்பதால் கைமீறிப் போக வழி குறைவு. உத்யம் தளத்தில் பதிந்த குறுந்தொழில்களுக்கு ஐந்து லட்சம் வரம்புள்ள தனிக் கார்டு தருவதாக 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பட்டுத் தொழிலுக்கு அது பயன்படக்கூடும். ஆனால் ஐந்து லட்சம் என்பது வரம்பு மட்டுமே, வருமானம் இல்லை.

மோசடி நடந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் செய்த மோசடியை வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் ஆணையிட்டிருக்கிறது. கார்டு வேண்டாம் என்று முடிவு செய்தால் பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் வங்கி நாளொன்றுக்கு 500 ரூபாய் தரவேண்டும். பாக்கி விழுந்துவிட்டாலும் அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. வங்கியிடம் பேசி, மாதம் மூன்றரையை ஆண்டு பதினைந்து, பதினாறாகக் குறைக்கும் தவணைக் கடனாக மாற்றிக்கொள்ள முடியும். அப்படி மாற்றியபின் அந்தக் கார்டை எடுக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. காணாமற்போன சாட்சியை நாமே திரும்ப வைத்துக்கொள்ள வேண்டும். பில் வரும் நாளில் அதை வீட்டில் உரக்கப் படியுங்கள். மனைவியோ கணவரோ, கணக்குத் தெரிந்த மகளோ ஒருவர் உடன் இருக்கட்டும். எந்தத் தேதி, என்ன பொருள், எவ்வளவு, கட்டப் பணம் எங்கே இருக்கிறது என்ற நான்கு கேள்விக்கும் பதில் சொல்ல முடிகிற வீட்டில் கார்டு ஒருபோதும் கெடுதல் செய்யாது.

வங்கிகளிடமும் ரிசர்வ் வங்கியிடமும் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கார்டின் நிபந்தனைகள் எளிய மொழியில், கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் இருக்கவேண்டும் என்று விதிகள் இப்போதே சொல்கின்றன. அந்தக் ‘கூடுமானவரை’யை எடுத்துவிட்டுக் கட்டாயமாக்க வேண்டும். கொள்ளேகாலில் கன்னடத்திலும், கோவையில் தமிழிலும், ஒவ்வொரு பில்லின் முதல் வரியிலும் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அந்த மொழியில் வட்டியைச் சொன்னால் இந்த மண்ணின் மக்களுக்கு வேறு எச்சரிக்கை தேவையில்லை. அதுவரை அந்தக் கணக்கை நாமே போட்டு, கெடுவுக்கு முன் முழுத்தொகையையும் கட்டிவிடுவோம்.